வாய் இடம் மாறிய கிட்டார்கள்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடவந்த பெரும்பாணாற்றுப்படை, அரசனிடம் போவதற்கு முன் ஒரு யாழிடம் போகிறது. பாணன் இடப்பக்கம் தழுவியிருக்கும் அந்தக் கருவியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உறுப்பு உறுப்பாகப் பார்க்கிறார். போர்த்திய தோலின் நிறத்துக்குப் பாதிரிப் பூவின் உட்புறம், கரிய கோட்டுக்கு நீலமணி, நரம்புக்குப் பொன்கம்பி என்று உவமைகள் அடுக்கடுக்காக வருகின்றன. யாழின் வாய்க்கு அவர் சொல்வது, நீர் வற்றிப்போய் உள்ளே இருள் தங்கிய மலைச்சுனை.

வாசிப்பவன் விரல் படாத இடம் அது. நரம்பு இல்லை, தோல் இல்லை, வெறும் திறப்பு. இருந்தும் அப்படியொரு வாய் உலகின் பல நரம்புக் கருவிகளில் உண்டு. யாழின் நெருங்கிய உறவான மியான்மரின் சாவுங் என்ற வில்யாழில், இறுக்கிக் கட்டிய மான்தோலில் நான்கு சிறு வட்டத் துளைகள் உண்டு. ஈரானின் சேத்தாரில் குண்டூசித் தலை அளவில் சில துளைகள். நம் வீணையின் பலகையில், கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு இருபுறமும் சல்லடைபோலத் துளைக் கூட்டம். வயலினில் எஃப் என்ற எழுத்தைப்போல நெளிந்த இரண்டு பிளவுகள். கிட்டாரில் நடுவே பெரிய வட்டம்.

அந்த வட்டத்தைத்தான் இப்போது பலர் நகர்த்திப் பார்க்கிறார்கள். பல லட்ச ரூபாய் விலைபோகும் கைவேலைக் கிட்டார்களில் துளை மேல்மூலைக்கு ஏறியிருக்கும், நீள்வட்டமாகச் சாய்ந்திருக்கும், சிறு துளைகளாகச் சிதறியிருக்கும், பக்கச் சுவரில்கூட ஒன்று திறந்திருக்கும். இது வெறும் ஒப்பனையா, இல்லை ஓசைக்கு வேண்டிய ஏற்பாடா? துளை என்னதான் செய்கிறது என்று தெரிந்தால் இதற்குப் பதில் சொல்லிவிடலாம்.

கம்பியின் குரல் எங்கே போகிறது

ஒரு கம்பியை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. கம்பி மெல்லியது, காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிரத் தள்ளாது. அதன் அசைவை அகலமான ஒரு பரப்புக்கு மாற்றியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது குதிரை. கம்பியின் அதிர்வு குதிரை வழியாக மேல்பலகைக்கு இறங்குகிறது. பலகை விம்மித் தாழ்ந்து காற்றைத் தள்ளுகிறது. நாம் கேட்கும் கிட்டார் ஒலியில் பெரும்பகுதி இந்தப் பலகையின் ஒலிதான்.

அப்படியானால் துளை எதற்கு? பெட்டிக்குள் பிறந்த ஓசை வெளியே வர ஒரு கதவு வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் ரப்பர் மூடியால் கிட்டாரின் துளையை அடைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ஒலி நின்றுபோகாது. மேல் சுரங்கள் ஏறக்குறைய முன்போலவே இருக்கும். கீழ்க்கம்பிகளின் கனம்தான் காணாமல் போகும். துளை எல்லா ஓசைக்கும் வாசலாக இருந்திருந்தால் இப்படி நடக்காது. அதன் வேலை தாழ்ந்த சுரங்களோடு மட்டும் சம்பந்தப்பட்டது. காரணம் பெட்டிக்குள் அடைபட்ட காற்று.

கடம் சொல்லும் பாடம்

காஞ்சிபுரம் நயினா பிள்ளை (1889–1934) கச்சேரிகளில் மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம் என்று தாள வாத்தியங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்று அதற்கே பெயர். அந்த வரிசையில் இருக்கும் கடம், கிட்டாரின் துளையைப் புரிந்துகொள்ள உதவும் நல்ல ஆய்வுக்கருவி. கடத்தின் உடம்பில் தட்டினால் மண்ணின் கணீர் ஒலி. உள்ளங்கையால் வாயருகே அடித்தால் ‘கும்’ என்ற ஆழ்ந்த ஒலி. இந்த இரண்டாவது ஒலி மண்ணுடையது அல்ல. உள்ளே இருக்கும் காற்றுடையது.

கடத்தின் வாயில் இருக்கும் காற்று ஒரு சிறு கட்டி போல முன்னும் பின்னும் நகரும். அது உள்ளே தள்ளப்பட்டால் வயிற்றுக் காற்று அழுந்தி அதை வெளியே எறியும். வெளியே போனால் உள்ளே அழுத்தம் குறைந்து திரும்ப இழுக்கும். இந்தப் போக்குவரத்துக்கு ஒரு குறிப்பிட்ட வேகம் உண்டு. அதுதான் அந்தக் கடத்தின் காற்றுச் சுருதி. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை விரிவாக ஆராய்ந்ததால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்கிறோம். வயிறு பெரிதானால் சுருதி இறங்கும். வாய் பெரிதானால் சுருதி ஏறும். கடக் கலைஞர் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிக்கும்போது ஒலி குழைந்து ஏறி இறங்குவது இதனால்தான். தன் உடம்பையே மூடியாக வைத்து அவர் துளையின் அளவை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

இந்த உத்தி காஞ்சிக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழக்கம் என்று சொல்லத் தோன்றுகிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில், காளையின் மேல் அமர்ந்து வீணை மீட்டும் அர்த்தநாரியைக் காணலாம். அதே கோயிலின் சிற்றாலயங்களில் வரிசையாகப் பொறித்த அரசனின் பட்டப்பெயர்களில் ‘வீணா நாரதன்’, ‘வாத்ய வித்யாதரன்’ என்பவையும் உண்டு. அக்காலத்து வீணை இன்றைய குடம் வைத்த வீணை அன்று; கோலில் சுரைக்குடுவையைக் கட்டிய வகை. அந்த வகையில் இன்றும் உயிரோடு இருப்பவற்றில் ஒன்று கம்போடியாவின் க்ஸே தியவ். ஒற்றைக் கம்பி, கோல், பாதியாக வெட்டிய சுரைக்குடுவை. குடுவையின் திறந்த வாயை வாசிப்பவர் மார்பில் பதித்துக்கொள்கிறார். அழுத்தியும் தளர்த்தியும் ஒலியின் நிறத்தை மாற்றுகிறார். அங்கும் துளையின் மூடி மனித உடம்புதான்.

கிட்டாரும் ஒருவகையில் கடமே. ஆனால் அதன் சுவர்கள் மண்ணைப்போல விறைத்து நிற்பதில்லை. மேல்பலகை தானும் ஆடுகிறது. பலகையும் காற்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆடுவதால் இரண்டு இடங்களில் ஒலி தூக்கிக் காட்டும்: ஒன்று சுமார் 100 ஹெர்ட்ஸில், மற்றது அதற்கு இரு மடங்கு அளவில். கிட்டாரின் ஆகக் கீழான கம்பி 82 ஹெர்ட்ஸ், அடுத்தது 110. அந்த 100 ஹெர்ட்ஸ் மேடு சரியாக இந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே நின்று தாங்கிக்கொடுக்கிறது. அதற்கும் கீழே போனால் பலகை உள்ளே போகும்போது துளையில் காற்று வெளியே வரும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். கிட்டாரில் அடிமட்ட ஒலி திடீரென்று இளைத்துப்போவது அதனால்தான்.

ஆகத் துளை என்பது சுருதி கூட்டும் ஓர் உறுப்பு. முறுக்காணியைத் திருப்பிக் கம்பிக்குச் சுருதி சேர்ப்பதைப்போல, துளையின் அளவை வெட்டிக் காற்றுக்குச் சுருதி சேர்க்கிறார்கள். ஸ்பானிய கிட்டாருக்கு இன்றைய உருவைத் தந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) சில கருவிகளில் துளைக்குக் கீழே உள்ளே நீளும் ஓர் உலோகக் குழலைப் பொருத்தினார். ‘தோர்னாவோஸ்’ என்று பெயர். காற்றுக் கட்டி நீண்டு கனத்தது, சுருதி இறங்கியது. வாயை மாற்றிப் பார்க்கும் ஆசை நேற்று வந்ததல்ல.

பரப்பைவிட விளிம்பு பெரிது

துளையின் அளவு என்றால் அதன் பரப்பளவு என்றுதான் மனத்துக்குத் தோன்றும். 1870களில் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு போட்ட கணக்கு வேறு மாதிரி. மெல்லிய தகட்டில் உள்ள வட்டத் துளையில் காற்று எவ்வளவு எளிதாகப் போய்வரும் என்பது அதன் விட்டத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததல்ல. காரணம், துளையின் நடுவில் காற்று மந்தமாகவே நகர்கிறது. விளிம்பை ஒட்டித்தான் விரைந்து ஓடுகிறது. நடுப்பகுதி பாதி சோம்பேறி.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான கணக்கு வருகிறது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பதில் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகளை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் போட்டால் எத்தனை வேண்டும்? பலகை காகிதம்போல மெல்லியதாக இருந்தால் 20 போதும். உண்மையில் பலகைக்கு 3 மில்லிமீட்டர் கனம் உண்டு; அந்தக் கனம் சிறு துளைகளைத்தான் அதிகம் தண்டிக்கும். அதையும் சேர்த்தால் 34 துளைகள் வேண்டும். அப்போதும் வெட்டியெடுத்த மரத்தின் பரப்பு பெரிய வட்டத்தோடு ஒப்பிட்டால் பன்னிரண்டில் ஒரு பங்குதான். காற்றுச் சுருதி ஏறக்குறைய அதே. வெட்டவேண்டிய மரத்தில் பன்னிரண்டில் பதினொரு பங்கு மிச்சம். சும்மா கிடைப்பதல்ல. நெருக்கமாகப் போட்டால் துளைகள் ஒன்றின் காற்றை மற்றொன்று தடுக்கும். சிறு துளையின் சுவரில் உராய்ந்து கொஞ்சம் ஆற்றலும் வீணாகும். ஆனாலும் வீணைப் பலகையின் சல்லடைத் துளைகளை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது.

இதே நியாயத்தை வயலின் வேறு வழியில் கண்டுபிடித்தது. 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நிக்கோலஸ் மாக்ரிஸ் குழுவினர் பத்தாம் நூற்றாண்டு வில்வாத்தியங்களில் தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டு வயலின்வரை துளைகளை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலில் வட்டம், பிறகு அரைவட்டம், பிறகு சி வடிவம், கடைசியில் எஃப். பரப்பு பெருகாமலே விளிம்பு நீண்டுகொண்டே போனது. காற்று ஒத்ததிர்வின் ஆற்றல் திறன் இந்தப் பயணத்தில் ஏறக்குறைய இரு மடங்கானது என்பது அவர்கள் கணக்கு. அமாட்டி, ஸ்ட்ராடிவரி, குவார்னெரி என்று கிரெமோனா நகரத்துப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிளவு நீண்டது. யாரும் சமன்பாடு எழுதவில்லை. பழைய கருவியைப் பார்த்து வெட்டும்போது கைத்தவறால் கொஞ்சம் நீண்டது. அது நன்றாக ஒலித்தது. அடுத்தவர் அதையே பார்த்து வெட்டினார். அப்படியும் நடந்திருக்கலாம் என்கிறது அந்த ஆய்வு.

வீணைக்கு இந்த வாதத்தை அப்படியே நீட்டிவிடக் கூடாது. வீணையின் தனிக்குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட அறிவியலாளர்களில் ஒருவர் சி.வி.ராமன். கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் அசைவற்றுக் கிடக்கவேண்டிய மேற்சுரங்கள் பிறக்காது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை பிறந்து கணீரென்று கேட்பதை 1921இல் ராமன் எழுதிக் காட்டினார். குதிரையின் மேல்தளம் கத்தி முனைபோல இல்லாமல் மெல்ல வளைந்த பரப்பாக இருக்கிறது. கம்பி அதில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. சுநாதம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு அந்த வளைவுக்கு உரியது. ஆகவே வீணை செய்பவரின் உளி நுட்பமும் பொறுமையும் குதிரையில்தான் அதிகம் செலவாகிறது. எஃகுக் கம்பி கிட்டாரின் குதிரை கம்பியை ஒரே கோட்டில் நிறுத்திவிடுவதால், அதைச் செய்பவர் தன் கற்பனையைப் பலகையிலும் துளையிலும் காட்டவேண்டியிருக்கிறது.

வட்டத்தின் குறை

வட்டத் துளையில் ஓசைக் குறை பெரிதாக இல்லை. குறை அது இருக்கும் இடத்தில். எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாகக் குதிரையைக் கழுத்தை நோக்கி இழுக்கின்றன. அந்த இழுப்பு பலகை வழியாகச் செல்லும் நேர்பாதையில், சரியாக நடுவே, மரத்தின் நார்களை அறுத்து ஒரு பள்ளம். 3 மில்லிமீட்டர் பலகை அதைத் தனியே தாங்காது. அதனால் உள்ளே முட்டுக் கட்டைகள். 19ஆம் நூற்றாண்டில் சி.எஃப்.மார்ட்டின் கிட்டார்களில் நிலைபெற்ற எக்ஸ் வடிவ முட்டுகள், துளைக்குச் சற்றுக் கீழே ஒன்றையொன்று வெட்டிக் கடக்கின்றன. முட்டு கூடினால் வலு கூடும்; பலகையின் ஆட்டம் குறையும். கிட்டார் செய்பவரின் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிகிறது.

துளையை அங்கிருந்து எடுத்துவிட்டால்? பெட்டிக்குள் காற்றின் அழுத்தம் தாழ்ந்த சுரத்தில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே ஏறி இறங்கும். எனவே துளை எங்கிருந்தாலும் அந்த 100 ஹெர்ட்ஸ் சுருதி பெரிதாக மாறாது. இங்கேதான் செய்பவருக்கு விடுதலை. கழுத்தை ஒட்டிய மேல் மூலைகள் எப்படியும் அதிகம் ஆடுவதில்லை. அங்கே வெட்டினால் ஒலிக்கும் மரம் வீணாகாது, இழுப்பின் பாதையும் அறுபடாது.

வட்டத்தை விட்டு விலகியவர்கள் எல்லோரும் இந்த ஒரே காரணத்துக்காக விலகவில்லை. 1922இல் வந்த கிப்சன் எல்-5 கிட்டாரில் பொறியாளர் லாயிட் லோர் காலத்து வடிவமைப்பு வயலினின் எஃப் துளைகளைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. பலகையும் வயலினைப்போலக் குவிந்தது. ஜாஸ் குழுவின் பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே கேட்கும்படியான வெட்டும் ஒலி அதற்கு வேண்டியிருந்தது. 1932இல் பாரிஸின் செல்மர் நிறுவனத்துக்காக மாரியோ மக்காஃபெர்ரி வடிவமைத்த கிட்டாரில் துளை ஆங்கில டி எழுத்தைப்போல அகன்றிருந்தது. பின்னால் வந்தவற்றில் அது சிறிய நீள்வட்டமாகச் சுருங்கியது. ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கையில் நாம் பார்க்கும் கிட்டார் இந்தக் குடும்பம்.

இடமாற்றத்தைப் பொறியியலாகவே அணுகியவர் சார்ல்ஸ் காமன். அவருடைய தொழில் ஹெலிகாப்டர் தயாரிப்பு. சுழலும் இறக்கைகளில் அதிர்வை ஒடுக்கக் கற்ற கை, 1960களில் ஓவேஷன் என்ற பெயரில் அதிர்வை வளர்க்கும் வேலையில் இறங்கியது. 1970களின் நடுவில் வந்த ‘அடமாஸ்’ வகையில் மேல்பலகை கார்பன் இழையால் ஆனது. நடுத்துளை கிடையாது. மேல் தோள்கள் இரண்டிலும் திராட்சைக் கொத்துபோல, ஒன்றுக்கொன்று அளவு மாறும் வட்டத் துளைகள். சுற்றிலும் பலநிற மரத்தில் இலை வேலை. நடுப்பகுதி முழுவதும் அறுபடாத ஒரே பரப்பு. 1990களில் அமெரிக்காவின் டகோமா கிட்டார்களில் துளை மேல்பக்கத்துக்கு ஒதுங்கி மாங்காயானது. காஞ்சிப் பட்டில் மாங்காய் புட்டா என்று நெய்கிறார்களே, அதே வடிவம். விஸ்கான்சினின் மெக்பெர்சன் கிட்டார்களிலும் துளை நடுவை விட்டு மேல் மூலைக்குப் போயிருக்கிறது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் மைக்கேல் காஷா. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்து வேதியியலாளர். ஒளிர்வு பற்றிய அவருடைய 1950ஆம் ஆண்டு விதி இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கிட்டாரின் முட்டுகளையும் குதிரையையும் இயற்பியல் கொண்டு மாற்றியமைக்கப் புறப்பட்டு, ரிச்சர்ட் ஷ்னைடர் என்ற கிட்டார் தச்சரோடு பல ஆண்டுகள் வேலை செய்தார். ஷ்னைடரின் பல கருவிகளில் துளை மேல் ஓரத்துக்கு நகர்ந்தது. அந்தச் சிந்தனையில் கிப்சன் 1975இல் வெளியிட்ட ‘மார்க்’ வரிசை சந்தையில் நிலைக்கவில்லை. ஒளியை ஆராய்ந்த ராமன் வீணைக்கு வந்ததும், ஒளியை ஆராய்ந்த காஷா கிட்டாருக்கு வந்ததும் ஒரே ஈர்ப்பால் இருக்கலாம். ஒளி, ஒலி இரண்டுமே அதிர்வுதான். ஆனால் ராமன் இருக்கும் கருவியின் அழகுக்குக் காரணம் தேடினார். காஷா காரணத்திலிருந்து கருவியைக் கட்டப் பார்த்தார். பின்னது எப்போதுமே கடினம்.

இடமாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. 400 ஹெர்ட்ஸ் அளவில் பெட்டிக்குள் காற்று தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்குமாக அலைமோதும். அப்போது இரு முனைகளில் அழுத்தம் உச்சம். நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். வழக்கமான வட்டம் அந்த அமைதியான நடுவை ஒட்டியே இருப்பதால் இந்த அலை அதன் வழியாக அதிகம் வெளியே வராது. துளையை முனைக்குத் தள்ளினால் அதுவும் பேசத் தொடங்கும். சிலருக்கு அது நிறைவு. சிலருக்கு அது இரைச்சல்.

வாசிப்பவருக்கு ஒரு ஜன்னல்

கிட்டாரின் துளை எதிரே இருப்பவரைப் பார்க்கிறது. வாசிப்பவர் காதில் விழுவது பாதி எதிரொலி. வீணையை மடியில் படுக்கையாக வைத்து வாசிப்பவருக்கு இந்தக் குறை குறைவு. பலகையும் துளையும் மேலே பார்த்தபடி இருக்கின்றன. கிட்டார்காரருக்காக வந்ததுதான் பக்கச் சுவரில், முகத்தை நோக்கித் திறக்கும் சிறு ஜன்னல். இன்று உயர்விலைக் கிட்டார்களில் பரவலாகக் காணப்படும் மாற்றம் இதுதான்.

இதற்கும் கணக்கு உண்டு. 10 சென்டிமீட்டர் வட்டத்தோடு, பக்கத்தில் 2.5 சென்டிமீட்டர் ஜன்னல் ஒன்று திறந்தால் காற்றுச் சுருதி கணக்குப்படி 10 சதவீதத்துக்குச் சற்று மேலே ஏறும். அதாவது இரண்டு அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பலகையும் சேர்ந்து ஆடும் உண்மைக் கிட்டாரில் ஏற்றம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் அடித்தளச் சுரத்தின் கனம் இடம் மாறும். அதை ஈடுகட்டக் கவனமுள்ள தச்சர் முன்துளையைக் கொஞ்சம் சிறிதாக வெட்டுவார். ஜன்னலை மட்டும் பின்னால் ஓட்டை போட்டுச் சேர்த்துக்கொண்ட கிட்டாரில் இந்த ஈடு இருக்காது.

தமிழ்நாட்டு வாசனை உள்ள ஒரு கிட்டாரையும் இங்கே சொல்ல வேண்டும். 1970களில் சக்தி குழுவில் எல்.சங்கரின் வயலினோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை பயின்றவர். அவருக்காக கிப்சனின் ஏபிரகாம் வெக்டர் செய்த கிட்டாரில் மெட்டுகளுக்கு நடுவே மரம் குழியாகச் செதுக்கப்பட்டிருந்தது. வீணையில்போலக் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்க அது வசதி. துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு ஒத்திசைக் கம்பிகள் ஓடின. துளையின் வடிவத்தில் கைவைக்காமல், அதன் வாசலிலேயே இன்னொரு கருவியைக் கட்டிவைத்த யோசனை அது. கனடாவின் லிண்டா மான்ஸர் 1984இல் ஜாஸ் கலைஞர் பாட் மெத்தினிக்காகச் செய்த 42 கம்பி ‘பிகாஸோ’ கிட்டாரில் இரண்டு துளைகள். அங்கே துளை, கம்பிக் கூட்டங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கவேண்டியிருந்தது.

கோர்வையா, அச்சா

விலைக்கும் ஓசைக்கும் உள்ள உறவு அத்தனை நேரானது அல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் ஒரே தச்சரிடம் ஒரே அளவில் ஆறு கிட்டார்கள் செய்யச் சொன்னார்கள். முதுகுக்கும் பக்கத்துக்கும் போட்ட மரம் மட்டும் வேறு வேறு; அரிய பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து மலிவான மரம்வரை. 52 கிட்டார் கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், கண்ணை மறைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். விலை உயர்ந்த மரம் ஓசையில் தனியாகத் தெரியவில்லை. துளையின் மாற்றம் முதுகு மரத்தைப்போல மறைந்துபோகாது. அடித்தளச் சுரத்தை அது கட்டாயம் தொடும். ஆனால் தொட்டது நன்மைக்கா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரத்தில் சேலை வாங்கத் தெரிந்தவர்கள் கரையைத் திருப்பிப் பார்ப்பார்கள். உடலும் கரையும் தனித்தனி ஊடையில் ஓடி, இழைக்கு இழை கோத்து வந்திருந்தால் அது கோர்வை. அந்த இணைப்பில் சேலையின் வலு இருக்கிறது. மேலே அச்சடித்த கரையும் தூரத்துக்கு அப்படியே தெரியும். விசித்திரத் துளைக் கிட்டார்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. துளை நகர்ந்ததற்கு ஏற்ப உள்முட்டுகள் மாறி, பலகை மெலிந்து, குதிரை சுதந்திரம் பெற்றிருந்தால் அது கோர்வை. வழக்கமான எக்ஸ் முட்டை அப்படியே வைத்துவிட்டு மேலே வடிவத்தை மட்டும் மாற்றியிருந்தால் அச்சு.

சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. கடையில் கிட்டாரின் துளையருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் கீழிருந்து மேலாக முனகிக்கொண்டே போனால், ஓரிடத்தில் பெட்டி முழுவதும் கையில் உறுமும். அதுதான் அதன் காற்றுச் சுருதி. அது கீழ்க்கம்பிகள் இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் நல்ல சமநிலை. ஒரு திறந்த கம்பியின் சுருதியிலேயே சரியாக விழுந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் பருத்துக் கத்தும். பிறகு கண்ணாடியையும் விளக்கையும் கொண்டு உள்ளே பார்த்து, முட்டுகள் எங்கே ஓடுகின்றன என்று கேட்கலாம். செய்தவர் அந்தக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொன்னால் துளை காரணத்தோடு நகர்ந்திருக்கிறது என்று நம்பலாம்.

இப்படிக் கேட்கக்கூடிய தூரத்திலேயே செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆரோவில்லில் எரிசா நியோகி கைவேலையாக அக்கூஸ்டிக் கிட்டார் செய்பவர் என்று பெயர் பெற்றவர். சென்னையில் உரு பட்டறையின் தருண் சேகர் யாழை இன்றைய மேடைக்காக மீட்டுருவாக்கியிருக்கிறார். யாழின் உருவத்தையும் சுருதியையும் நூல்களிலிருந்து கணக்கிட்டு மீட்கும் முயற்சியை, மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியான யாழ் நூலில் செய்துகாட்டினார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கும் பட்டறைகள் இன்னும் இயங்குகின்றன.

கிட்டார்காரர்கள் தங்கள் துளையை நூறு ஆண்டுகளாக நகர்த்தி, அளந்து, தவறவிட்டு, திரும்ப அளந்துகொண்டிருக்கிறார்கள். வீணையின் சல்லடைத் துளைகள் எத்தனை, எவ்வளவு பெரிது, குதிரைக்கு எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் ஆசாரியின் கைப்பழக்கத்திலும் குருவின் சொல்லிலும் இருக்கின்றன. அதை அளப்பதற்கு இன்று ஒரு கைப்பேசி ஒலிவாங்கியும் அலைவரிசை காட்டும் இலவசச் செயலியும் துளைகளை ஒவ்வொன்றாக மூட ஒரு சுருள் ஒட்டுநாடாவும் போதும். தஞ்சாவூரிலோ காஞ்சியிலோ ஒரு கல்லூரியின் இயற்பியல் மாணவர்களும் ஒரு வீணை ஆசாரியும் சேர்ந்து உட்கார்ந்தால் அரைநாள் வேலை. முடிவு பழைய வழக்கத்துக்குச் சாதகமாக வந்தாலும் எதிராக வந்தாலும், அடுத்த பலாமரப் பலகையில் உளியை வைக்கும்போது எந்தத் துளை எதற்கு என்று தெரிந்து வெட்டலாம்.